நீலம் ஏறாத வயிறு

ஈக்கள் சாகவில்லை. என் கோபம் அங்கிருந்துதான் கிளம்பியது.

சுடர்விட்டா என்கிற வைட்டமின் பவுடரைக் கலந்த உணவில் பழ ஈக்களை விட்டிருந்தேன். அவை சீக்கிரம் செத்துவிடும் என்று எதிர்பார்த்தேன். சாக வேண்டும் என்று விரும்பினேன். ஆராய்ச்சி செய்கிறவன் அப்படி விரும்பக் கூடாது. விரும்பினேன். என் மனைவி வித்யா கடைசி மாதங்களில் குடித்தது அந்தப் பவுடரைத்தான்.

ஈக்கள் வாழ்ந்தன. சாதா உணவில் இருந்தவை வரிசையாகச் செத்துக் குப்பியின் அடியில் கிடந்தன. பவுடர் உணவில் இருந்தவை கண்ணாடிச் சுவரில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு முறை எண்ணும்போதும் அவற்றை நசுக்க வேண்டும் போல இருந்தது.

சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரி. விலங்கியல் துறையின் பின்பக்கம் எங்கள் ஆய்வகம். எம்.எஸ்சி. முடித்துவிட்டு அங்கே ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஈக்களுக்குச் சமைக்க வேண்டும். ரவை, வெல்லம், ஈஸ்ட், கெட்டிப்பட அகர். கொதிக்கும்போது கேசரி வாசனை வரும். புதிதாக வரும் மாணவர்கள் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்பார்கள். கலவையைக் குப்பிகளில் ஊற்றி, ஆறியதும் ஈக்களைத் தட்டி உள்ளே விட்டு, பஞ்சால் அடைக்க வேண்டும். எறும்பு ஏறாமல் இருக்க ரேக்கின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருப்போம். ஒருநாள் விட்டு ஒருநாள் உயிருள்ளவற்றைப் புதிய குப்பிக்கு மாற்றி, செத்தவற்றை எண்ண வேண்டும். பழ ஈயின் ஆயுள் இரண்டு மூன்று மாதம்தான். அதனால்தான் ஆயுள் சோதனைக்கு ஈ.

பாதிக் குப்பிகளில் பவுடர். பாதியில் இல்லை. இவ்வளவுதான் சோதனை.

இதை எங்கள் கல்லூரிக்குக் கொண்டுவந்தவன் சிவசங்கர். வித்யாவின் அண்ணன்.

அவன் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரன். நானும்தான், இரண்டு தெரு தள்ளி. படகில் இருந்த பங்கை விற்றுவிட்டு, டை கட்டிக்கொண்டு சுடர்விட்டா விற்கப் போனான். ஆள் சேர்த்தால் மேலே மேலே ஏறலாம் என்று சொல்லும் வகைக் கம்பெனி. அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவனும் தினம் காலையில் அதைத்தான் குடித்தான். தங்கைக்கும் நம்பித்தான் கொடுத்தான்.

வித்யா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். வறுத்த நெத்திலியை முறுக்கு தின்பதுபோலத் தின்பாள். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனாள். ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று நர்ஸ் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார். அது அவளுக்குக் குமட்டியது. சிவசங்கர் டப்பாவைத் திறந்தான். இதில் எல்லாச் சத்தும் இருக்கிறது, மாத்திரை எதற்கு என்றான். டப்பாவோடு வந்த தாளில் மீன், முட்டை, டீ ஆகாது என்று போட்டிருந்தது. மீன் விற்கிற வீட்டில் மீனை நிறுத்தினார்கள். பிறகு அவளுக்குப் பசியே எடுக்கவில்லை. உடம்பு சுத்தமாகிறது என்று சந்தோஷப்பட்டார்கள். போனில் என்னிடம் "மாத்திரை போட்டுட்டேன்" என்றுதான் சொன்னாள். சண்டை வேண்டாம் என்று நினைத்திருப்பாள்.

பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. உடம்பில் இருந்ததே கொஞ்சம். டாக்டர் வெளியே வந்து, "என்னம்மா சாப்பிடக் குடுத்தீங்க இந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டார். என் மாமியார் அமராவதி, "வைட்டமின் பவுடருங்க, தெனமும்" என்றாள். அவள் குரலில் பெருமை இருந்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை. குழந்தையும் போனது.

வித்யா வளைகாப்புக் கண்ணாடி வளையல்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். வளையல்களுக்கு அடியில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன.

கருமாதி அன்று சிவசங்கர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அழுது கண் வீங்கியிருந்தது.

"கடைசி மாசம் ஸ்டாக் வரல மாப்ள. ரெண்டு டப்பா கொறஞ்சிடுச்சு. அதான் இப்புடி ஆயிடுச்சு" என்றான்.

நான் அவனை அடிக்கவில்லை. அன்றைய தினத்தைப் பற்றி எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இல்லை.

அவன்தான் அடுத்த வருஷம் கம்பெனி ஆள் ஒருவரோடு எங்கள் துறை வாசலில் வந்து நின்றான். "நம்ம மாப்ள இங்கதான் சார் இருக்காரு" என்று என் தோளில் கை போட்டான். கம்பெனிக்கு ஒரு கல்லூரியின் பெயரில் சோதனை அறிக்கை வேண்டும். எங்கள் பேராசிரியர் ஞானசேகரனுக்கு ஓய்வு பெறுவதற்குள் ஒரு ப்ராஜெக்ட் வேண்டும். பேச்சு சீக்கிரம் முடிந்தது.

அவர்கள் போன பிறகு பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"இளவரசு, உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேற ஆளப் போடுறேன்."

"வேணாம் சார். நானே பண்றேன்."

என் முகத்தைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு ஈயாவது செத்துக் காட்டட்டும் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

ஒன்றும் செத்துக் காட்டவில்லை. பவுடர் ஈக்கள் அதிக நாள் இருந்தன. கொஞ்சமில்லை, நன்றாகத் தெரிகிற வித்தியாசம். நான் இரண்டு முறை எண்ணினேன். ஆய்வு மாணவி ஸ்ரீமதியை எண்ணச் சொன்னேன். அவளுக்கும் அதேதான் வந்தது. பொய் எழுத எனக்குத் தெரியாது. வந்ததை எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

அடுத்த வாரமே தேவனாம்பட்டினம் முனையில் பேனர் வந்தது. சிவசங்கர் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். மஞ்சள் பின்னணியில் சுடர்விட்டா டப்பா. பக்கத்தில் ஒரு ஈயின் படம், யானை அளவுக்கு. கீழே: 'ஆயுளைக் கூட்டுகிறது – ஆய்வகத்தில் நிரூபணம். ஆய்வு செய்தவர்: எங்கள் குடும்பத்து மாப்பிள்ளை இளவரசு எம்.எஸ்சி.' என் கல்யாணப் போட்டோவிலிருந்து என்னை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தான். தோளுக்குப் பக்கத்தில் வித்யாவின் பூ கொஞ்சம் தெரிந்தது. அதைச் சரியாக வெட்டவில்லை.

அன்று மாலை தீபிகா போன் செய்தாள். வித்யாவின் தங்கை. கணவன் சிங்கப்பூரில் வெல்டர். அவளும் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அக்கா போனதிலிருந்து அந்த டப்பாவைத் தொட மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணிக்கொண்டிருந்தவள்.

"மாமா, தேங்க்ஸ் மாமா" என்றாள்.

"எதுக்கு?"

"நீங்களே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டீங்களாமே. பேனரு படத்தப் போன வாரமே அண்ணன் காட்டுச்சு. எனக்கு அது மேல ரொம்ப பயம் மாமா. இப்ப இல்ல. ஒரு வாரமா குடிக்கிறேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நர்ஸு குடுத்த மாத்திர?"

"அது வாந்தியா வருது. இதுலதான் எல்லாம் இருக்குதாமே."

"சாப்புடறியா நீ?"

"எங்க மாமா, பசிக்கவே மாட்டேங்குது. பவுடரு வேல செய்யுறதுக்கு அதான் அடையாளமாம், அண்ணன் சொல்லுச்சு."

"நிறுத்து. இன்னைக்கே நிறுத்து."

"என்னா மாமா நீங்க? நீங்கதான் நல்லதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

நான் எழுதிக் கொடுத்ததற்கு நானே பதில் சொல்ல வேண்டியிருந்தது. போனை வைத்துவிட்டு ரேக்கின் முன்னால் போய் நின்றேன். பசிக்கவே மாட்டேங்குது. இதே வார்த்தையை வித்யாவும் சொல்லியிருந்தாள்.

கழுவாமல் கிடந்த பழைய குப்பிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இத்தனை நாள் நான் பார்த்தது பிணங்களை மட்டும். உணவைப் பார்க்கவில்லை. சாதா உணவின் மேற்பரப்பு சேறு மிதித்ததுபோல இருந்தது. ஈக்கள் தின்று, முட்டையிட்டு, புழுக்கள் துளைத்து, உழுது போட்டிருந்தன. பவுடர் உணவு நான் ஊற்றியபடியே வழுவழுவென்று இருந்தது. அங்கங்கே நாலைந்து முட்டை. அவ்வளவுதான்.

ஈயைக் கொஞ்சமாகத் தின்ன விட்டால் அது அதிக நாள் உயிரோடு இருக்கும். முட்டை குறையும். உடம்பு எதையும் செய்யாமல் பொத்திப் பொத்திக் காலத்தை ஓட்டும். ஈ வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் ஆய்வகத்தில் உணவு ஊற்றுவதோடு சரி. ஈ அதைத் தின்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வெல்லமும் ஈஸ்ட்டும் போட்ட உணவை எந்த ஈ வேண்டாமென்று சொல்லும்?

ஒரு துளி பவுடரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். மேலே வெனிலா. அடியில் வேப்பங்கொழுந்து மாதிரி ஒரு கசப்பு. ஈக்குக் காலிலேயே ருசி தெரியும்.

மறுநாள் மேலவீதி மளிகைக் கடையில் நீல ஃபுட் கலர் வாங்கினேன்.

"கேக்குக்கா தம்பி?" என்றார் கடைக்காரர்.

"ஈக்கு."

"எதுக்கு?"

"ஈக்குங்க."

அவர் மேலே கேட்காமல் மீதிச் சில்லறையைத் தந்தார்.

இரண்டு உணவிலும் ஒரே அளவு நீலம் கலந்து, புதிய ஈக்களை விட்டேன். ஈயின் வயிறு மெல்லிய தோல். உள்ளே என்ன போனாலும் வெளியே தெரியும். சாதா உணவு ஈக்களின் வயிறு ஒரு மணி நேரத்தில் நீலமானது, பேனா மையை உறிஞ்சியதுபோல. பவுடர் ஈக்களின் வயிறு வெளிறியே கிடந்தது. லென்சை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றிரண்டில் ஒரு கோடு போல நீலம். மற்றதெல்லாம் காலி.

ஸ்ரீமதி எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, உங்க ஈங்க விரதம் இருக்குதுங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "அப்ப ஆயுள் கூடினது...?"

"பட்டினி."

"சார்கிட்ட சொல்லுங்க இளவரசு. இப்பவே போங்க."

போனேன். குப்பிகளை அவர் மேஜைமேல் வைத்தேன். பேராசிரியர் லென்ஸ் வழியாக நிதானமாகப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைவிட வேகமாகவே புரிந்தது. லென்சைக் கீழே வைத்தார்.

"ரிப்போர்ட் போயிடுச்சே இளவரசு."

"திருத்தி அனுப்பணும் சார்."

"எதைத் திருத்த? ஆயுள் கூடினது பொய்யா?"

"இல்ல சார். ஆனா பவுடரால கூடல. அதைத் திங்காம இருந்ததால கூடிச்சு."

"அது உங்க விளக்கம். எண்ணிக்கை எண்ணிக்கைதான். கம்பெனி கேட்டது ஆயுள். ஈ சாப்பிடுதா இல்லையான்னு அவுங்க கேக்கல."

"யாரும் கேக்காததாலதான் சார் என் பொண்டாட்டி செத்தா."

என் குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காக இல்லை.

"நீங்க ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க. துக்கத்துல இருக்கீங்க."

"துக்கம் இல்ல சார். கோவம். இதையும் சேத்து கம்பெனிக்கும் பிரின்சிபாலுக்கும் நானே அனுப்பப் போறேன்."

"அனுப்பினா இந்த வேலை இருக்காது."

"சரி சார்."

அன்று சாயங்காலமே ஈ வயிறுகளின் போட்டோக்களோடு இரண்டு பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வருவதற்குக் காத்திருக்கவில்லை. தீபிகாவுக்குப் போட்டோ அனுப்பிப் பயனில்லை. சிவசங்கரும் போட்டோதான் காட்டியிருந்தான். அவனுடையதில் யானை அளவு ஈ இருந்தது. மூன்று குப்பிகளைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கடலூர் பஸ் ஏறினேன்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் பையை எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி, கொசுவா?"

"ஈ."

"இதப் போயி எங்க எடுத்துகிட்டுப் போற?"

"சொந்தக்காரங்களுக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தேவனாம்பட்டினம் முனையில் என் படம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் கடந்தேன். வீட்டு வாசலில் அமராவதி அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சந்தையில் விற்றது போக மிச்சம். தீபிகா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. வயிறு மட்டும் தனியாக இருந்தது. அவள் கையில் பவுடர் கலக்கும் ஷேக்கர். வித்யாவுக்கும் அதே ஆரஞ்சு மூடி போட்ட ஷேக்கர்தான்.

"வாங்க மாப்ள" என்று அமராவதி எழுந்தாள். "வரேன்னு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

உள்ளேயிருந்து சிவசங்கர் வந்தான். சிரித்தான். "வாய்யா விஞ்ஞானி. பேனரைப் பாத்தியா? நெல்லிக்குப்பத்துலேர்ந்துகூட போன் வருது."

"மச்சான், உக்காரு. ஒண்ணு காட்டணும்."

குப்பிகளை வெளியே எடுத்தேன்.

"என்னா மாப்ள, லேப்பையே கொண்டாந்துட்ட?"

தீபிகாவிடம் லென்சைக் கொடுத்தேன். "இந்தக் குப்பிய மொதல்ல பாரு. வயித்தப் பாரு."

"நீலமா இருக்குது மாமா."

"அது சாதா சாப்பாடு. இப்ப இது."

ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுல ஒண்ணும் இல்ல. வெள்ளையா இருக்குது."

"அதுல உங்கண்ணன் பவுடரு. ரெண்டுலயும் ஒரே கலர்தான் போட்டேன். தின்னா வயிறு நீலமாவும். இதுங்க திங்கல. பட்டினி கெடக்குதுங்க. பட்டினி கெடந்தா ஈ ஜாஸ்தி நாள் இருக்கும். அதத்தான் நான் எண்ணி எழுதுனேன். நான் எழுதுனது தப்பு."

சிவசங்கர் குப்பியைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"தின்னுருக்கும். கலரையும் சேத்து ஜீரணம் பண்ணியிருக்கும். பவுடரோட பவர் அது."

அவன் உண்மையாகவே சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"குடு" என்றேன். பவுடர் ஈக்களை மூன்றாவது குப்பிக்குள் தட்டினேன். அதில் பவுடர் இல்லாத நீல உணவு. பஞ்சால் அடைத்து தீபிகாவின் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். "பாத்துகிட்டே இரு. யாரும் பேச வேணாம். ஈ சொல்லட்டும்."

ஆனால் சிவசங்கரால் பேசாமல் இருக்க முடியாது.

"எனக்கு ஒண்ணு சொல்லு மாப்ள. ஈக்கும் மனுசனுக்கும் என்னா சம்பந்தம்?"

"அப்ப ஈ ஜாஸ்தி நாள் இருந்திச்சின்னு எதுக்கு பேனர் கட்டுன?"

தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அது வேற. கம்பெனில எத்தினி டாக்டருங்க..."

"எந்த டாக்டரு? ஒருத்தர் பேர் சொல்லு மச்சான். ஒரே ஒருத்தர். என் போட்டோவை வெட்டி ஒட்டி வச்சிருக்க. அவரு போட்டோவ ஏன் ஒட்டல?"

"ஒனக்கு என் மேல காண்டு. வித்யா போனதுலேர்ந்து காண்டு. அத ஈ மேல வச்சிக் காட்டுற."

"ஆமா காண்டுதான். ரெண்டு டப்பா கொறஞ்சதால செத்தான்னு சொன்னியே, அன்னைக்கே ஒன்ன நான் அடிச்சிருக்கணும்."

"மாப்ள..." என்றாள் அமராவதி. அவள் கையில் அறுத்த மீன் அப்படியே இருந்தது.

நான் அவள் பக்கம் திரும்பினேன். அவளிடமும் கத்தத்தான் வந்தேன்.

"அத்தை, நீங்க சொல்லுங்க. எர எடுத்த மீனு, எடுக்காத மீனு. ஐஸ் இல்லாம எது தாங்கும்?"

"எர எடுக்காததுதான். வயிறு காலியா இருந்தா சீக்கிரம் கெடாது" என்றாள். எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாமல் சொன்னாள்.

"அதுக்காக அந்த மீனு ஆரோக்கியமா இருந்திச்சின்னு சொல்லுவீங்களா?"

அவள் கையிலிருந்த மீனைப் பார்த்தாள். அதன் வயிற்றுக்குள் இன்னும் விரல் இருந்தது.

"மாமா" என்றாள் தீபிகா. "நீலம்."

எல்லோரும் குனிந்தோம். ஈக்கள் சுவரில் ஏறவில்லை. பறக்கவில்லை. அத்தனையும் தலையைக் கீழே போட்டு உணவோடு ஒட்டிக்கொண்டிருந்தன. வயிறுகள் உப்பி, நீலம் ஏறிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ பசியா இருந்திருக்குதுங்க" என்றாள் தீபிகா. ஷேக்கரைக் கீழே வைத்தாள். மூடியைத் திறக்கவே இல்லை.

சிவசங்கர் குப்பியை எடுத்து வாசலில் வீசினான். கண்ணாடி உடைந்தது. ஈக்கள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்தில் தொங்கிய வாழைப்பழச் சீப்பில் உட்கார்ந்தன. அவன் துண்டால் அவற்றை அடித்தான். பழம் நசுங்கியது. அவை நகரவில்லை.

"வுடுடா" என்றாள் அமராவதி. சத்தம் போடவில்லை. "ஈ என்னாடா பண்ணுச்சு ஒன்ன?"

பிறகு யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"வித்யாவும் சோறு வேணாம் வேணாம்னுதான் சொன்னா. நான் ஊட்டக்கூட இல்ல. பவுடரு வேல செய்யுதுன்னு தெருவெல்லாம் சொல்லிகிட்டுத் திரிஞ்சேன். அந்த டாக்டரு கேட்டப்பக்கூட..."

முடிக்கவில்லை. நான் அவளிடம் சொல்ல வந்ததையெல்லாம் அவளே சொல்லிவிட்டாள். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கோபம். வைக்க இடமில்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"செவ்வாக்கெழமதான மாமா நர்ஸம்மா இருப்பாங்க?" என்றாள் தீபிகா.

"ஆமா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"யாரைக் கேட்டு?" என்றான் சிவசங்கர். "மாத்திரைன்னு சொல்லிக் கண்ட ரசாயனத்தையும் திங்க வுடுவியா? என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போனா அப்பறம் இந்த வீட்டுப் பக்கம் வராத. யாரும் வராதீங்க."

"ஒன் தங்கச்சி ஒருத்தி போயிட்டா" என்றாள் அமராவதி. மீனைச் சட்டியில் போட்டாள். கையைக் கழுவினாள். "செவ்வாக்கெழம நானும் வரேன் மாப்ள. வீட்டுப் பக்கம் வுடலன்னா மார்க்கெட்டுல படுத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல."

அவன் டப்பாக்கள் அடுக்கியிருந்த உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன்.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. என் சேவை இனித் தேவையில்லை. அறிக்கை பற்றி அதில் ஒரு வரி இல்லை. கம்பெனியிலிருந்து ஒரு வக்கீல் பேசினார். பேசட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போட்டோக்கள் இன்னும் பல பேருக்குப் போகும் என்று சொல்லி வைத்தேன். என் படத்தைப் பேனரிலிருந்து எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை. நானே போய்க் கயிற்றை அறுத்தேன். தெருவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சு நிறையப் பெண்கள். தீபிகாவின் விரலில் குத்தி எடுத்த ரத்தம் வெளிறியிருந்தது. நர்ஸ் மங்கலம் சீட்டைப் பார்த்தார். பிறகு தீபிகாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"என்னாம்மா இது? ரத்தம் எங்க? மாத்திர குடுத்தனா இல்லியா?"

"குடுத்தீங்கம்மா. வாந்தி வந்திச்சு."

"வந்தா? அத அப்பவே வந்து என்கிட்ட சொல்ல வேண்டாமா? வேற மாத்திர இருக்குது, ஊசி இருக்குது, ஏத்துறதுக்கு மருந்து இருக்குது. என்னாத்த குடிச்ச இத்தினி நாளு?"

அமராவதி தலையைக் குனிந்தபடி சொன்னாள். "பவுடருங்க."

"பவுடரா?" மங்கலம் பேனாவை மேஜையில் போட்டார். "மீன் விக்கிற பொம்பளதான நீ? புள்ளைக்கு ரெண்டு துண்டு மீன் போட வக்கில்ல, பவுடரு கேக்குதா? மூத்தத இப்புடித்தான வாரிக் குடுத்த? அப்பவும் புத்தி வரலயா ஒனக்கு? வீட்டுல படிச்சவங்க யாரும் இல்லியா?"

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அமராவதி அசையவில்லை. தீபிகா அழ ஆரம்பித்தாள். மங்கலம் திட்டிக்கொண்டே சீட்டு எழுதினார். திட்டிக்கொண்டே பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அன்றைக்கே மருந்து ஏற்றப் படுக்கை கேட்டார். திட்டிக்கொண்டே தீபிகாவின் தலையில் கை வைத்துக் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"நீங்க யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"நான் இவ அக்கா வீட்டுக்காரன்."

அவர் சட்டென்று நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்போல வாய் திறந்தது.

"நிறுத்தாதீங்கம்மா" என்றேன். "திட்டுங்க."

இன்னும் சத்தமாகத் திட்டியிருக்க வேண்டும். அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். போன வருஷமே கேட்டிருக்க வேண்டும்.